டர்போ எஞ்சின் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

டர்போ வைத்த கார் இழுக்கவில்லை, புகைகிறது, ஊளையிடுகிறது என்று போய் நின்றால் முதலில் கிடைக்கும் பதில் “டர்போ போச்சு, மாத்திடுங்க” என்பதுதான். அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சின்ன விசிறிதான் டர்போ. அது தானாகச் சாவது அபூர்வம். ஆயில் வந்து சேராமல், அல்லது வந்த ஆயில் வெளியேற வழியில்லாமல், அல்லது காற்றோடு தூசி புகுந்துதான் அது போகிறது. அந்தக் காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புது டர்போ மாட்டினால் அதுவும் அதே வழியில் போய்ச் சேரும். பல நேரம் டர்போவுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, ஒரு ரப்பர் ஹோஸ் கிழிந்திருக்கும், அவ்வளவுதான்.

பெட்ரோல், டீசல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், வித்தியாசம் வரும் இடத்தில் பிரித்துச் சொல்கிறேன். உங்கள் காரின் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

உடனே நிறுத்த வேண்டியவை

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சின்ன டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டிச் சுற்றுகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான். அழுத்தம் போனால் சில நொடிகளிலேயே பியரிங் தேய ஆரம்பித்துவிடும். மஞ்சள் விளக்கு வேறு. அது பெரும்பாலும் அளவு குறைந்ததைச் சொல்கிறது, பக்கத்தில் நிறுத்தி ஊற்றிக்கொள்ளலாம்.

செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது டீசலுக்கு மட்டும். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் தானாக அலறிக்கொண்டு வேகம் ஏறினால், டர்போ வழியாகவோ பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாகவோ வரும் தன் ஆயிலையே அது எரித்துக்கொண்டிருக்கிறது. கியர் வண்டியாக இருந்தால் கிளட்ச்சை அமுக்கி மிக உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை முழுவதும் மிதித்தபடி கிளட்ச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் அது முடியாது, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். காற்று போகும் குழாயைக் கையால் பொத்தப் பார்க்கவே கூடாது.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை

ஒரு ஓபிடி அடாப்டரும் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்னச் சொருகி) போனில் ஒரு ஆப்பும் போதும். சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதி) அழுத்தத்தைப் பாருங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரென்றால் 100 கிலோ பாஸ்கலுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், உயரமான இடத்தில் அதற்கேற்ப குறையும். எஞ்சின் ஓடாமலேயே 80 என்றோ 120 என்றோ காட்டினால் சென்சாரையோ அதன் வயரையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பொய்க் கணக்கை நம்பித்தான் கம்ப்யூட்டர் பூஸ்ட்டை, அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தத்தை, கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, சென்சார் உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் 30 முதல் 40 வரை காட்டும், டீசல் 100ஐ ஒட்டி நிற்கும். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 2000 சுற்றிலிருந்து முழுவதும் மிதித்துப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணைப் படிக்கட்டும். பல எஞ்சின்களில் 180 முதல் 220 வரை ஏறும். 255இல் போய் ஒட்டிக்கொண்டு நின்றால் பயப்படாதீர்கள், பொதுவான ஓபிடியில் அந்த அளவு 255க்கு மேல் காட்டவே காட்டாது. 110, 120இலேயே நின்றுவிட்டால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

இழுவை இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது

பெரும்பாலும் பி0299 என்ற கோடு (கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறு எண்) சேர்ந்து வரும். பூஸ்ட் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. கோடைப் படித்த கையோடு டர்போவுக்கு விலை கேட்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ஹோஸ்களில் தொடங்குங்கள். வளைவுகளின் அடிப்பக்கம், கிளாம்ப் உட்காரும் விளிம்பு, பிளாஸ்டிக் குழாயும் ரப்பரும் சேரும் இடம், இன்டர்கூலரின் பக்கவாட்டு பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு கடித்து நிற்கும் கோடு, இவைதான் விட்டுப்போகிற இடங்கள். வெளியே எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய மண்ணும் தெரிந்தால் அங்கேதான் காற்றும் தப்பிக்கிறது. ஹோஸைச் சும்மா தொங்கவிட்டுப் பார்த்தால் விரிசல் தெரியாது, இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள்.

அப்படியும் தப்பும். ஒரு காரில் மூன்று முறை எல்லா ஹோஸையும் கையால் தடவிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் டர்போவின் வாயில் மூடி போட்டு அரை பார் அழுத்தத்துக்கும் குறைவாகக் காற்றுக் கொடுத்து, சோப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டே போனேன். இன்டர்கூலருக்குக் கீழே ஹோஸின் மடிப்பில் நகக்கண் நீளத்துக்கு ஒரு கோடு, காற்று ஏறினால் உதடு போலத் திறந்து நுரை தள்ளுகிறது, காற்றை நிறுத்தினால் மூடிக்கொண்டு கோடே தெரியவில்லை. ஐடிலில் நன்றாக ஓடி, மிதித்தால் மட்டும் செத்துப்போகிற கார்களில் இந்த மாதிரி ஓட்டைதான் அதிகம். இந்தச் சோதனையைச் செய்யும்போது அழுத்தத்தை அதிகம் ஏற்றாதீர்கள், பிரீதர் வழியாகக் காற்று எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். புகை மிஷின் கிடைத்தால் அது இன்னும் பாதுகாப்பு.

ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் வேஸ்ட்கேட். அதிகப்படி எக்ஸாஸ்ட்டை டர்போவைச் சுற்றிக் கடத்திவிடும் கதவு அது. முழுவதும் மூடாமல் நின்றால் பூஸ்ட் ஏறாது. எஞ்சின் ஆறிய பிறகு அதன் ராடை ஆட்டிப் பாருங்கள், தடையில்லாமல் போய் வர வேண்டும். எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் கையால் நெம்பாதீர்கள், உள்ளே பல் உடையும். ஸ்கேனரில் அதை இயக்கிப் பார்க்கும் வசதி இருக்கும். வாக்குவம் வைத்து இயங்கும் வகையில் பென்சில் தடிமன் உள்ள ரப்பர் குழாய்கள் முனையில் காய்ந்து வெடித்திருக்கும், அந்த வெடித்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகினாலே கார் சரியாகிவிடுவது உண்டு. அதற்கடுத்து டைவர்ட்டர் வால்வு. காலை எடுக்கும்போது அழுத்தத்தைத் திருப்பி விடும் வால்வு இது, உள்ளே ரப்பர் சவ்வு வைத்த மாடல்களில் சவ்வு கிழிந்தால் மிதிக்கும்போதும் காற்று திரும்பி ஓடிவிடும்.

ஏர் ஃபில்டரையும் இப்போதே பாருங்கள். அடைத்த ஃபில்டர் பூஸ்ட்டைக் குறைப்பதோடு நிற்காது, டர்போவின் வாயில் உறிஞ்சல் அதிகமாகி கம்ப்ரஸர் பக்கம், அதாவது காற்றை அழுத்தும் பக்கம், ஆயிலையும் இழுக்கும். ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் தூசி நேராகப் போய்ப் பிளேடுகளின் நுனியை அரம் போட்டது போலத் தேய்த்துவிடும்.

மிதித்துப் போகும்போது திடீரென அமுங்குகிறது, ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது

இது முந்தையதற்கு நேர் எதிர், டீசலில் அதிகம். பூஸ்ட் அளவுக்கு மேல் ஏறி, பி0234 பதிவாகி, எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் பவரை வெட்டிவிடுகிறது. டீசல் டர்போக்களில் எக்ஸாஸ்ட் பக்கம் நகரும் சிறகுகள் இருக்கும், எப்போதும் மெதுவாகவே ஓட்டுகிற காரில் அவற்றின் வளையத்தில் கரி பிடித்து மூடிய நிலையில் மாட்டிக்கொள்ளும். ஆஃப் செய்து போட்டால் கோளாறு மறப்பதால் சரியானது போலத் தெரியும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி வரும்.

லேசான கரி என்றால் நன்றாகச் சூடான எஞ்சினை ஒரு அரை மணி நேரம் 3000 சுற்று வாக்கில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் இளகும். பிடிப்பு அதிகமென்றால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், மாற்ற வேண்டியதில்லை. அதைச் செய்யும் ஆளிடம் சிறகுகளின் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது தொழிற்சாலையில் அளந்து வைத்தது.

மிதித்தால் வெட்டுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது

பெட்ரோல் எஞ்சினில் முதலில் ஸ்பார்க் பிளக். பூஸ்ட் ஏறினால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிறது, அந்த நெருக்கத்தைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் ஐடிலில் ஒன்றும் தெரியாது, மிதிக்கும்போதுதான் பொறி அணையும். டர்போ எஞ்சின்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி சொல்வார்கள். உங்கள் எஞ்சினுக்கு என்ன என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி0301 முதல் பி0304 வரை உள்ள கோடுகளில் கடைசி எண் சிலிண்டரைக் காட்டும். பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) மூன்றாவதில் மாட்டி, கோடை அழித்து ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. எண் நகரவில்லையென்றால் பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். நாலு காயிலையும் மொத்தமாக வாங்குவதற்கு முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யுங்கள்.

காலையில் குளிர்ந்த எஞ்சின் மட்டும் அரை நிமிடம் நடுங்கிவிட்டுச் சரியானால், அதுவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினாக இருந்தால், இன்டேக் வால்வுகளின் முதுகில் கார்பன் ஏறியிருக்கலாம். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ எதுவுமில்லை. டேங்கில் ஊற்றும் கிளீனர் அங்கே எட்டவே எட்டாது. மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சி எடுப்பதுதான் நல்ல வழி.

புகை

கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று போதவில்லை. டீசலில் மிதிக்கும்போது கறுப்பும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் மறுபடி ஹோஸ்களுக்குப் போங்கள். வெள்ளை, சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாசனையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது. குளிர் காலையில் வந்து மறையும் வெள்ளை வெறும் நீராவி.

நீலம்தான் சண்டை வரும் இடம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சரி, ஆனால் எங்கிருந்து வருகிறது? அது எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்து இறங்கி, திரும்ப மிதிக்கும்போது வந்தாலும் வால்வு சீல் பக்கம்தான் பார்வை போக வேண்டும். மிதிக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். சிக்னலில் சில நிமிடம் ஐடிலில் நின்று கிளம்பும்போது பின்னால் மேகம் போல எழுந்தால் டர்போவின் சீல் வழியாக வருகிறது.

ஆனால் டர்போ சீல் வழியாக வருவதாலேயே டர்போ கெட்டுவிட்டது என்று ஆகாது. டர்போவின் சீல் ரப்பர் இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சின்ன உலோக வளையமும் இரு பக்க அழுத்தமும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளே நிறுத்துகின்றன. டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால்தான் கீழே இறங்கி, ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போகிறது. அந்த வடிகால் குழாய் நசுங்கியோ கரி பிடித்தோ இருந்தால், அல்லது கிராங்க்கேஸில் சேரும் காற்றை வெளியே விடும் பிசிவி வால்வு அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறியிருந்தால், ஆயில் இறங்க முடியாமல் பக்கவாட்டில் பிதுங்கும். டீசலில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்து எக்ஸாஸ்ட் அழுத்தம் ஏறினாலும் சீலின் சமநிலை கெடும்.

கண்டுபிடிக்க ஒரு கையுறை போதும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் மெல்லிய ரப்பர் கையுறையை இழுத்து மாட்டுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. கையுறை விரிந்து பலூன் போல நிமிர்ந்தால் பிசிவி அடைப்பு அல்லது ரிங் வழியாகக் காற்றுக் கசிவு. உள்ளே பலமாக உறிஞ்சினால், அல்லது மூடியைத் திறக்கவே கஷ்டமாக இருந்து ஐடில் விசிலும் இருந்தால், பிசிவியின் சவ்வு கிழிந்திருக்கிறது. பிசிவியோடு முடிகிற வேலைக்கு டர்போவை மாற்றிவிட்டு, இன்னும் புகைகிறதே என்று நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காது.

இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றும்போது உள்ளே மெல்லிய ஆயில் படலம் இருப்பது சாதாரணம், பிரீதரிலிருந்து வருவது. கவிழ்த்தால் குட்டையாக ஊற்றினால்தான் பிரச்சினை.

ஆயில் குறைகிறது, அல்லது கூடுகிறது

சமதளத்தில், சூடான எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டுப் பார்த்து, மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 கி.மீ. கழித்து மேல் கோட்டுக்குத் திரும்ப எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை போவது இயல்புதான் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த அளவில் பிசிவியையும் ரிங்கையும் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.

அளவு கூடுவதை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் அதுதான் மோசம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலில் எஞ்சின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிட்டால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டீசலில் டிபிஎஃப் சுத்தமாகும் நேரத்தில் வண்டியை அணைத்து அணைத்து விட்டால் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் கீழே இறங்கும். நீர்த்த ஆயிலால் டர்போவின் பியரிங்கைத் தாங்க முடியாது. ஆயில் கம்பியை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒரு முறையாவது நீண்ட தூரம் ஓட்டுங்கள். சின்னச் சின்னப் பயணம் மட்டுமே போகிற டர்போ காருக்கு 15,000 கி.மீ. இடைவெளி என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும், நான் அதில் பாதியில் மாற்றிவிடுவேன்.

குறைந்த வேகத்தில் மிதித்தால் ‘டக்’கென்று ஒரு அடி

உயர்ந்த கியரில் 1500 சுற்றில் போய்க்கொண்டே முழுவதும் மிதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள். பொறி பாய்வதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதுதான் இது, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோலுக்கே உரிய தொல்லை, பிஸ்டனை உடைக்கும் அளவுக்குப் போகும். ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மானம் இதைத் தூண்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. டப்பாவின் பின்னால் எஸ்பி என்று இருக்கிறதா, கூடவே உங்கள் தயாரிப்பாளர் கேட்கும் தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கியரைக் குறைத்துவிட்டு மிதியுங்கள்.

சத்தங்கள்

மென்மையான விசில் எல்லா டர்போவிலும் உண்டு. நேற்று இல்லாத ஆம்புலன்ஸ் ஊளை இன்று பூஸ்ட்டோடு சேர்ந்து ஏறி இறங்கினால் பிளேடு டர்போவின் உட்சுவரில் உரசுகிறது, ஓட்டாதீர்கள். ‘புஸ்’ என்ற சீறல் ஹோஸ் ஓட்டை. ஐடிலில் தகர டப்பாவைத் தட்டுவது போன்ற கிலுகிலுப்பு வேஸ்ட்கேட் கதவின் தளர்வு, அவசரமில்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கடகடவென்று வந்தால் டைமிங் செயின் டென்ஷனர், இதைத் தள்ளிப்போடாதீர்கள், செயின் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால்

கம்ப்ரஸர் பக்கக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடம். உள்ளே வெளியே இழுக்கும்போது ஆட்டம் கையில் உணர்ந்தாலோ, பிளேடு சுவரில் தொட்ட கோடு தெரிந்தாலோ முடிந்தது.

ஒரே காரில் குறுகிய காலத்தில் மூன்று டர்போ மாற்றியிருந்தார்கள், நாலாவதுக்கு என்னிடம் வந்தது. ஆயில் வரும் குழாயின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை, கரி அப்பி, வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு துளை கூடத் தெரியவில்லை. மூன்று முறையும் டர்போவைத்தான் மாற்றியிருக்கிறார்கள், அந்த போல்ட்டை யாரும் தொடவில்லை. அதனால் புது டர்போவோடு ஆயில் வரும் குழாயும் போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். வடிகால் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலருக்குள் தூளும் ஆயிலும் தங்கியிருக்கும், அதைக் கழுவாமல் மாட்டாதீர்கள். ஆயில் வழியில் சிலிக்கான் பசை ஒரு துளி கூட வேண்டாம், கேஸ்கட் மட்டும்தான்.

மாட்டும்போது ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுற்றிவிடுங்கள். எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் வரும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஓட ஆரம்பித்ததும் சில நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள், ரேஸ் பண்ணாதீர்கள். அப்புறம் 50 கி.மீ. நிதானமாக ஓட்டி, ஆறவிட்டு, ஆயில் வரும் குழாய், வடிகால் குழாய் இரண்டின் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை இல்லையென்றால் எஞ்சினுக்கு அடியில் கழற்றிய மூடியைத் திருப்பி மாட்டலாம்.